மறு: ‘சகும்’ – ரோமப் படைவீரர் போர்த்தியதற்குச் சொல் வேண்டும்

அன்பர்களே,

ரோம வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. சகும் என்பது படைவீரரின் கம்பளி. தையல் இல்லாத செவ்வகத் துண்டு, வலத் தோளில் ஊசி குத்தி மாட்டுவது. ஒலிபெயர்த்து விடலாம் என்றால், பிழை திருத்துபவர் ‘சாகும்’ என்று ஆக்கிவிடுவார்.

– மொழிபெயர்ப்பவன்

> ஒலிபெயர்த்து விடலாம்

எதற்கு ஐயா? முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் (கிரேக்க, ரோம நாட்டவர்) ‘மெய்ப்பை புக்க’ தோற்றத்தோடு நிற்கிறார்களே! யவனர் உடைக்கு நம் புலவர் இட்ட பெயர். மெய்ப்பை என்றே எழுதுங்கள்.

– தமிழாசிரியர் (ஓய்வு)

‘புக்க’ என்பதைக் கவனியுங்கள். உடம்பு உள்ளே புகுந்தால் அது சட்டை. சகும் விரித்தால் வெறும் போர்வை. பின்னாளில் பேரரசனான ஓத்தோ, இளவயதில் இரவில் திரிந்து, அகப்பட்ட குடிகாரர்களைச் சகுமில் கிடத்தி மேலே தூக்கிப் போட்டு விளையாடினான் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். சட்டையில் வைத்து ஆளைத் தூக்கிப் போட முடியுமா? படைப்போர்வை போதும்.

– வரலாற்று மாணவி

போர்வையிலேயே போர் இருக்கிறது. படை எதற்கு?

– தமிழாசிரியர் (ஓய்வு)

அது போர்த்தலில் வரும் போர், ஐயா! என் வகுப்பில் மெய்ப்பை என்றால் பிள்ளைகள் புத்தகப் பையைத்தான் தேடுவார்கள்.

– பள்ளி ஆசிரியை

சரி, இன்னொரு சிக்கல். ரோமில் ‘சகும் அணிந்தனர்’ என்றால் போருக்கு எழுந்தனர் என்றே பொருள். கி.மு. 43-இல் ரோம அரசியல்வாதி சிசரோ, சகும் அணிவதிலிருந்து தமக்கு விலக்கு இருந்தும், தோகா என்னும் அமைதிக்கால மேலாடையைக் களைந்து சகும் அணிய முடிவு செய்கிறார். இதை எப்படி எழுத?

– மொழிபெயர்ப்பவன்

‘வஞ்சி சூடினார்’. நமக்குப் போருக்குப் பூ, அவர்களுக்குக் கம்பளி.

– தமிழாசிரியர் (ஓய்வு)

அப்போது ரோமத் தளபதி மார்க் அந்தோணி முற்றுகையிட்டிருந்தது இத்தாலியின் மூத்தினா நகரை. முற்றுகை என்றால் உழிஞை; உள்ளே இருந்தவர்களுக்கு நொச்சி. மீட்கப் போகிறவர்களுக்கு எந்தப் பூ?

– வரலாற்று மாணவி

பூவெல்லாம் வேண்டாம், தாயே. பெரும்பாலோர் படைப்போர்வை என்பதால் அதையே போடுகிறேன். சிசரோவும் படைப்போர்வை அணிந்துகொள்ளட்டும்.

– மொழிபெயர்ப்பவன்

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். போர்வை தூங்குகிறவனுக்கு.

– தமிழாசிரியர் (ஓய்வு)

படைவீரனும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினான், ஐயா.

– வரலாற்று மாணவி

அப்புறம், அடுத்த பக்கத்தில் தளபதி மட்டும் அணியும் ‘பலுதாமெந்தும்’ என்ற போர்வை வருகிறது. யாராவது விழித்திருக்கிறீர்களா?

– மொழிபெயர்ப்பவன்