ராத்திரி மிண்ட், காலையில் விண்டோஸ் 7: போட்டது எங்கே போகிறது?

கல்லிடைக்காரி:
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். வீட்டில் இருப்பது 2010-இல் வாங்கிய டெஸ்க்டாப். கோர் 2 டுவோ, 4 ஜிபி ராம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுபோனது, விண்டோஸ் 11 இதில் ஏறாது. அதனால் புது எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டி, லினக்ஸ் மிண்ட் 22 (இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அதில் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு) போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றவில்லை. பத்து வருஷத்து அப்பளக் கணக்கு அதில்தான் கிடக்கிறது.

பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற மதர்போர்டு புரோகிராம்) எஸ்எஸ்டியை முதலில் வைத்துச் சேமித்தேன். மிண்ட் ஜம்மென்று வந்தது, ராத்திரி பத்து மணி வரை ஓடியது. காலையில் ஆன் செய்தால் பழைய விண்டோஸ் 7 வந்து நிற்கிறது! அழிந்துவிட்டதோ என்று மறுபடியும் போட்டேன். மறுநாளும் அதே கதை. இப்படி மூன்று தடவை ஆயிற்று. கடையில் கேட்டால், "மதர்போர்டு போச்சும்மா, புதுசு எடுத்துருங்க" என்கிறார்கள்.

ஆன் செய்ததும் ஒரு கறுப்புத் திரை வந்து எஃப்1 அமுக்கச் சொல்லும், அமுக்கினால் போய்விடும். அது ரெண்டு வருஷமாக வருவதுதான், இதற்குச் சம்பந்தமில்லை.

ஜங்ஷன் பையன்:
க்ரப் (மிண்டைத் தொடங்கிவைக்கிற பூட் லோடர்) தப்பான டிஸ்கில் உட்கார்ந்திருக்கும் அக்கா. இன்ஸ்டால் செய்யும்போது பூட் லோடரை எங்கே வைக்க என்று கேட்குமே, அதில் எதைக் கொடுத்தீர்கள்?

கல்லிடைக்காரி:
எஸ்எஸ்டியைத்தான் கொடுத்தேன் தம்பி. தப்பாக இருந்தால் ராத்திரி மட்டும் எப்படி வரும்? இன்னொன்று, காலையில் விண்டோஸில் மணியும் தப்பாக இருக்கிறது.

தென்காசிச் சாரல்:
அஞ்சரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறதா? லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் யுடிசி (உலகப் பொது) நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை நம்ம ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ரெண்டையும் ஒரே மெஷினில் போட்டால் எல்லோருக்கும் வருகிற தொல்லைதான்.

கல்லிடைக்காரி:
அஞ்சரை மணி இல்லை அண்ணாச்சி. 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது.

பாளை ரிப்பேர்:
தங்கச்சி, சம்பந்தமில்லை என்று தள்ளிவிட்டீர்களே, அந்த எஃப்1 திரையில்தான் எல்லாம் இருக்கிறது. 'சிமாஸ் செக்சம் எரர்' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். ஒன்று கேட்கிறேன்: ராத்திரி சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுவீர்களா?

கல்லிடைக்காரி:
அந்த வரி இருக்கிறது! ஐப்பசி பிறந்ததிலிருந்து மலைப்பக்கம் ஒரே இடி. அத்தை பிளக்கையே பிடுங்கிவிடுவார்கள். மழையில் அப்பளம்தான் காயவில்லை என்றால் இதுவும்.

பாளை ரிப்பேர்:
அத்தை செய்வது சரிதான். மதர்போர்டில் ஒத்தை ரூபாய் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. தேதி, எந்த டிஸ்க் முதலில் என்கிற பயாஸ் செட்டிங் எல்லாம் சிமாஸ் என்கிற சின்ன மெமரியில், அந்த 3 வோல்ட்டில்தான் உயிரோடு இருக்கின்றன. பேட்டரி செத்தாலும், பிளக் செருகியிருக்கிற வரை பவர் சப்ளையிலிருந்து போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அதனால் பகலில் ஒன்றும் தெரியாது. பிளக்கைப் பிடுங்கினதும் எல்லாம் மறந்துபோய், காலையில் போர்டு தன் பழைய வரிசைக்கே போகிறது. அதில் உங்கள் ஹார்ட் டிஸ்க் முன்னால் நிற்கிறது. மிண்ட் எங்கேயும் போகவில்லை, மூன்று தடவையும் நீங்கள்தான் அழித்துப் போட்டிருக்கிறீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பக்கத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பும். புதியதைப் பிளஸ் குறி மேலே தெரிய வையுங்கள். அப்புறம் பயாஸில் தேதியும் டிஸ்க் வரிசையும் வைத்து, எஃப்10 அமுக்கிச் சேமியுங்கள். சாட்டா மோடில் (போர்டும் டிஸ்கும் பேசிக்கொள்ளும் முறை, ஐடிஇ அல்லது ஏஹெச்சிஐ) மட்டும் கை வைக்காதீர்கள். ஐடிஇ-யில் போட்ட விண்டோஸ் 7, ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் நீலத் திரைதான்.

கல்லிடைக்காரி:
அம்பையில் வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது அண்ணாச்சி. பழையதை மல்டிமீட்டரில் வைத்தால் ஒரு வோல்ட்டுகூட இல்லை. நேற்று ராத்திரியும் அத்தை பிளக்கைப் பிடுங்கினார்கள், காலையில் மிண்ட்தான் வந்தது. எஃப்1 திரையும் இல்லை.

ஒரே ஒரு குறை. பழைய கணக்கை மிண்டில் திறந்தால் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வருகிறது. வானவில் என்கிற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது.

ஜங்ஷன் பையன்:
அது யூனிகோட் (எல்லா மெஷினிலும் தெரிகிற பொது எழுத்து முறை) இல்லாத எழுத்து அக்கா, மிண்டில் அந்த ஃபான்ட் இருக்காது. விண்டோஸ் டிஸ்கில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து வானவில் ஃபைல்களை எடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி வைத்து ஃபான்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் (.fonts) ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடுங்கள். லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தால் எழுத்து வந்துவிடும். இனி அடிக்கிற கணக்கை யூனிகோடிலேயே அடியுங்கள், மிண்டில் தமிழ்99 கீபோர்டு இருக்கிறது.