திருமணப் படப்பிடிப்பு: முதலில் வாங்க வேண்டியது லென்ஸா, இரண்டாவது கேமராவா?

கேள்வி (கும்பகோணம்):
அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகள் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்த நான், வரும் தை மாதம் முதல் தனியாகத் திருமணங்களுக்குப் படம் எடுக்க இருக்கிறேன். என்னிடம் நிக்கான் டி750, அதனுடன் வாங்கிய 24-120 எஃப்/4 லென்ஸ், 50 எம்எம் எஃப்/1.8, ஒரு ஃபிளாஷ் ஆகியவை உள்ளன. சேமித்த பணத்தில், தொலைவிலிருந்து நெருக்கமாக எடுக்க உதவும் பழைய 70-200 எஃப்/2.8 லென்ஸ் வாங்குவதா, இரண்டாவது கேமரா வாங்குவதா என்று முடிவெடுக்க இயலவில்லை. எங்கள் ஊர் மண்டபங்கள் பலவற்றில் வெளிச்சம் குறைவு. முகூர்த்தமும் பெரும்பாலும் அதிகாலையில்தான். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (மதுரை):
தம்பி, கேமராவையே முதலில் வாங்குங்கள். கெட்டிமேளம் முழங்கி மூன்றாம் முடிச்சு விழுவதற்குள் கேமரா நின்றுபோனால், அந்தக் காட்சியை மறுபடி நடத்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு அப்படி நேர்ந்தது. தோளில் இன்னொரு கேமரா தொங்கிக்கொண்டிருந்ததால்தான் தாலி கட்டும் படம் கிடைத்தது. பெண் வீட்டாருக்கு இன்றுவரை அது தெரியாது.

நிக்கானின் பழைய டி7200 கேமரா உங்களுக்குப் பொருந்தும். டி750க்கான இஎன்-இஎல்15 பேட்டரியே அதற்கும் போதும். இரண்டிலும் இரண்டிரண்டு எஸ்டி கார்டு இடங்கள் உள்ளதால், ஒவ்வொரு படமும் இரு கார்டுகளிலும் பதியுமாறு அமைத்துக்கொள்ளலாம். டி7200இன் சென்சார் (படத்தைப் பதியும் பகுதி) டி750இனுடையதைவிடச் சிறியது என்பதால் உங்கள் 50 எம்எம் லென்ஸ் அதில் 75 எம்எம் போல நின்று, மணமக்களின் முகங்களை நெருக்கமாக எடுக்க உதவும். முதல் நாள் இரவே இரு கேமராக்களின் கடிகாரங்களையும் ஒன்றாக வைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஆல்பத்துக்குப் படங்களை வரிசைப்படுத்தும்போது பெரும் அவதிப்படுவீர்கள்.

மறுமொழி (கோவை):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 70-200 பற்றியும் சொல்லியாக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் உறவினர்கள் எல்லோரும் எழுந்து அட்சதையுடன் மணவறையைச் சூழ்ந்துகொள்வதால், தொலைவில் நிற்பவருக்கு முதுகுகள் மட்டுமே கிடைக்கும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த லென்ஸ், வரவேற்பு மேடைக்கும், கவனிக்காமல் இருப்பவர்களின் முகபாவங்களுக்கும் அருமையானது. அத்தகைய நாள்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மணவறைக்கு அருகில் நின்று எடுக்க 35 எம்எம் எஃப்/1.8 தான் என் தேர்வு. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் அகலும் என்பதால், எஃப்/4ஐவிட அது ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆயினும் தாலி கட்டும்போது துவாரத்தை முழுமையாகத் திறக்காதீர்கள். மாப்பிள்ளையின் கைகள் தெளிவாகவும் பெண்ணின் முகம் மங்கலாகவும் விழுந்துவிடும். எஃப்/2.8 வைத்து, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைத் தயங்காமல் 3200க்கு உயர்த்துங்கள்.

ஹோமப்புகை எழும்போது ஃபிளாஷை நேராக அடித்தால் புகையே வெண்திரையாகி முகங்களை மறைக்கும். பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் அதன்மேல் அடியுங்கள். இல்லையென்றால் அணைத்துவிட்டு, வீடியோக்காரரின் விளக்கொளியிலேயே எடுங்கள்.

மறுமொழி (நாகர்கோவில்):
இரண்டாவது ஃபிளாஷையும் யாரும் மறக்க வேண்டாம். என் அனுபவத்தில் கேமராவைவிட அடிக்கடி சூடேறி நின்றுபோவது அதுதான். குளிரூட்டிய அறையிலிருந்து மண்டபத்துக்கு வந்தவுடன் பையைத் திறந்தால் லென்ஸில் ஆவி படியும் என்பதால், அரை மணி நேரம் முன்னதாகவே பையை வெளியே வைத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுங்கள். ஆல்பம் கைமாறும் வரை கார்டுகளை அழிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. டி7200 வாங்க முடிவு செய்துவிட்டேன். பழைய கேமராவில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

மறுமொழி (மதுரை):
ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதைப் பாருங்கள். அந்த ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. 50,000க்குள் இருந்தால் நல்லது. இரண்டு கார்டு இடங்களிலும் கார்டு போட்டு, சில படங்கள் எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.