ஹாலந்து குளிர்ல கைட்: வெட்சூட்டா ட்ரைசூட்டா?

பாயான்லெப்பாஸ் பையன்:
வணக்கம் அண்ணன்மாரே, ஜனவரில கம்பெனி என்னை ஹாலந்துக்கு அனுப்புது, வீடு டென் ஹாக்ல, ஸ்கெவெனிங்கன் கடற்கரை கிட்டயே. கைட்ட (பட்டம் இழுக்க, பலகை மேல நின்னு கடல்ல சறுக்குற ஆட்டம்) விட மனசு வரல. ஆனா இதுவரைக்கும் அடிச்சதெல்லாம் நம்ம மலேசியா குவாந்தான் பாலோக் கடல்ல தான், லைக்ரா சட்டையும் ஷார்ட்ஸும் போதும். அங்க வெட்சூட்டா (கொஞ்சம் தண்ணி உள்ள விடற ரப்பர் உடுப்பு) ட்ரைசூட்டா (தண்ணியே உள்ள விடாத உடுப்பு)? ட்ரைசூட் வெல பாத்தா தல சுத்துது. இங்கயே ஏதாச்சும் வாங்கிட்டுப் போவவா?

வடகாத்து:
தம்பி இங்க வாங்காத. நம்ம கடைங்கள்ல தொங்குறது பெரும்பாலும் டைவிங்குக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் சூட், அது 29 டிகிரி கடலுக்கு. வடகடல் பிப்ரவரில 5, 6 டிகிரி தான் இருக்கும். 6/5/4 வெட்சூட் பாரு, ஒடம்புக்கு 6 மில்லி, காலுக்கு 5, கைக்கு 4, ஹூட் (தல மூடி) சேர்ந்தே வர்றதா இருந்தா நல்லது. உள்ள வர்ற தண்ணி கொஞ்சமா இருந்தா ஒடம்பு சூடாக்கிக்கும், சூட் லூசா இருந்துச்சுன்னா விழுற ஒவ்வொரு வாட்டியும் புது ஐஸ் தண்ணி முதுகுல எறங்கும், அதனால அங்க போயி கடையில போட்டுப் பாத்து வாங்கு. நெஞ்சுப் பக்கம் வழவழன்னு ரப்பரா இருக்கணும். துணி போத்துனது ஈரத்த புடிச்சி வச்சி காத்துல நடுங்க விட்ரும், கைட்ல நாம பாதி நேரம் தண்ணிக்கு மேல தானே நிக்கிறோம்.

புஸ்வாணம்:
அண்ணே, ட்ரைசூட்ட இவ்ளோ சீக்கிரம் ஒதுக்காதீங்க. தம்பி, அது மோட்டார்ல போறப்ப போடற மழைக்கோட்டு மாதிரி, அதுக்குன்னு சூடு கெடையாது, உள்ள போடற ஃபிலீஸ் (கம்பளி மாதிரி துணி) தான் சூடு. காட்டன் மட்டும் போடாத, வேர்வைய குடிச்சிட்டு ஜில்லுனு ஒட்டிக்கும். எறங்கறதுக்கு முன்னாடி குந்தி உக்காந்து கழுத்து ரப்பர்ல ஒரு வெரல விட்டு லேசா இழு, புஸ்ஸுன்னு காத்து போவும், இல்லன்னா விழுந்தப்ப காத்து காலுக்கு ஏறி பலூன் மாதிரி மெதப்ப. முடிச்சப்பறம் பார்க்கிங்ல காத்துல அம்மணமா நின்னு துணி மாத்த வேணாம், அது ஒண்ணுக்கே காசு குடுக்கலாம் லா. ஒண்ணுக்கு வந்தா தான் சிக்கல், ஜிப் வச்சதா கேட்டு வாங்கு 😂

வடகாத்து:
ஜிப்பு கெடக்கட்டும், கைட் கீழ விழுந்து எந்திரிக்கலன்னா நீச்சலடிச்சி தானே வரணும்? தொளதொளன்னு இருக்கறதுல நீந்திப் பாருங்க தெரியும். ட்ரைசூட்ல கழுத்துலயும் கையிலயும் தண்ணி புகாம இறுக்குற ரப்பர் சீல் கிழிஞ்சா ஃபிலீஸ் நனைஞ்சி சூடே போயிரும், வெட்சூட் கொஞ்சம் கிழிஞ்சாலும் வேல செய்யும். குளிர் தண்ணில விழுந்தா மொத 1 நிமிஷம் மூச்சு தாறுமாறா வாங்கும், அப்போ பதறாத. அதுக்கப்புறம் 10 நிமிஷம் போல தான் கை கால் சொன்னபடி கேக்கும். எத போட்டாலும் கரைய விட்டு தூரம் போவாத, கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்துல எறங்கவே எறங்காத.

பாயான்லெப்பாஸ் பையன்:
நன்றிண்ணே, அப்ப வெட்சூட் தான். கையுறை எத்தன மில்லி?

புஸ்வாணம்:
தடியா எடுத்தா கைட்ட திருப்புற பார் (கைப்புடி கம்பி) புடிக்க முடியாது, முழங்கை வரைக்கும் கடுத்துப் போயிரும். உள்ளங்கை தெறந்த மிட்டன் (வெரல் பிரியாத கையுறை) இருக்கு, அதப் பாரு. திரும்பி வர்றப்ப சூட்ட அங்கயே வித்துட்டு வா, பினாங்கு புழுக்கத்துல அலமாரிக்குள்ள பூஞ்சக்காளான் தான் போட்டுக்கும்.