பஞ்சேஸ்வர் அணை: 1996இல் கையெழுத்து, இன்னும் ஒரு கல் கூட வைக்கவில்லையே, ஏன்?

ஆத்தங்கரைப் பையன் (அம்பாசமுத்திரம்):

எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் எல்லைக் காவல் படையில் இருக்கிறான். இப்போது உத்தராகண்டில் பித்தோராகர் மாவட்டம், ஜூலாகாட் என்ற ஊரில் டியூட்டி. மகாகாளி ஆற்றின் மேலே ஒரு தொங்குபாலம். இந்தக் கரை இந்தியா, அந்தக் கரை நேபாளம். அந்தப் பக்கத்து ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து பலசரக்கு வாங்கிவிட்டுத் திரும்புவார்களாம். பாஸ்போர்ட் எல்லாம் கிடையாது.

இந்த ஆற்றில் பஞ்சேஸ்வர் அணை வந்தால் பாலம், கடைத்தெரு எல்லாம் தண்ணீருக்குள்தான் என்று டீக்கடையில் சொல்கிறார்களாம். அடுத்த வாயிலேயே, அது எங்கே வரப்போகிறது என்று சிரிக்கவும் செய்கிறார்களாம்.

ஒப்பந்தம் போட்டது நான் பிறப்பதற்கு முன்னால். 5,040 மெகாவாட் திட்டம். கரண்டு ஆளுக்குப் பாதி என்று எழுதியே வைத்துவிட்டார்கள். பிறகு எதற்கு இழுக்கிறது? பணமா, மலையா, அரசியலா? நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். எங்கள் புத்தகத்தில் "இந்திய-நேபாளக் கூட்டுத் திட்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பவர்ஹவுஸ் அண்ணாச்சி (விக்கிரமசிங்கபுரம்):

தம்பி, நான் பாபநாசம் நீர்மின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். 1944இலிருந்து ஓடுகிற நிலையம், நாலு மெஷின், மொத்தம் 32 மெகாவாட். உங்கள் பஞ்சேஸ்வருக்கு முன்னால் அது கால்தூசி. ஆனாலும் அங்கே இருக்கிற சிக்கலை எனக்குப் புரியவைத்தது இந்த 32 மெகாவாட்தான்.

எங்கள் நிலையத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு லோடு ஏறும். வீடெல்லாம் விளக்குப் போடுவார்கள், போன் வரும்: "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க." ஏற்றலாம், மெஷின் சும்மாதான் நிற்கிறது. ஆனால் தண்ணீர் எங்கள் கையில் இல்லை. கார் நெல்லுக்கு இவ்வளவு, பிசான நெல்லுக்கு இவ்வளவு என்று பாசனத்துக்கு எழுதின கணக்குப்படிதான் அணை திறக்கும். அந்தத் தண்ணீர் கீழே இறங்குகிற வழியில் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகும், அவ்வளவுதான். கரண்டுக்காரனுக்கு ஆசை ஒரு நேரத்தில், வயல்காரனுக்குத் தேவை வேறொரு நேரத்தில். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இப்படி.

இப்போது மகாகாளிக்கு வாருங்கள். கரண்டைப் பங்கு போடுவது பெரிய விஷயமே இல்லை. இரண்டு கரையிலும் பூமிக்கடியில் ஒவ்வொரு பவர்ஹவுஸ், ஆளுக்கு 2,400 மெகாவாட். கீழே ரூபாலிகாட் என்று ஒரு சின்ன அணை. மேலே பீக் நேரத்தில் மொத்தமாக விடுகிற தண்ணீரை வாங்கி வைத்து நிதானமாக அனுப்ப. அதிலே 240. மீட்டரைப் பார்த்துப் பாதியாகப் பிரித்துவிடலாம்.

இதைவிடக் கஷ்டமானதையே செய்து காட்டியிருக்கிறார்கள். பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டின இத்தாய்ப்பூவில் 700 மெகாவாட் மெஷின் இருபது. பிரேசில் கரண்டு நொடிக்கு 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), பராகுவேயில் 50. என்ன செய்தார்கள் தெரியுமா? பத்து மெஷினை 50க்கும் பத்தை 60க்குமாகச் செய்தார்கள். பராகுவே தன் பங்கில் விற்றதை டிசி (நேர்மின்னோட்ட) லைனில் சாவ் பாவ்லோ பக்கம் கொண்டுபோனார்கள். ஆபரேட்டராக இருந்தவனுக்கு இதைப் படித்தால் மயிர்க்கூச்செறியும்! இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் அந்தத் தொல்லையே இல்லை, இரண்டும் 50.

இழுப்பது தண்ணீர்தான். ஒப்பந்தத்தில் இரண்டு நாட்டுக்கும் சம உரிமை என்று இருக்கிறது. கூடவே, ஏற்கெனவே எடுத்துவருகிற பாசனத்துக்குப் பாதகமில்லாமல் என்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் பழைய ஆயக்கட்டு. இந்தியாவின் பழைய ஆயக்கட்டு எது வரை? மகாகாளிக்கு நம் பக்கத்துப் பெயர் சாரதா. பன்பசா என்ற ஊரில் பிரிகிற சாரதா கால்வாய் வரை என்றால் தகராறு இல்லை. அதற்கும் வெகு கீழே லோயர் சாரதா தடுப்பணையில் எடுப்பதையும் சேர்க்கவேண்டும் என்கிறது டெல்லி. அதைச் சேர்த்தால் எங்கள் பங்கு என்று மிஞ்சுவது என்ன என்கிறது காட்மாண்டு. நம் தாமிரபரணியில் கன்னடியன் கால்வாய்க்காரரும் மருதூர்க்காரரும் வாய்ச்சண்டை போட்டால் எப்படியோ அப்படி.

செலவு அவரவர் அடையும் பலனுக்குத் தக்கபடி என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. மழைக்காலத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் விட்டால் உத்தரப் பிரதேசத்து வயலுக்கு அது பலனா, இல்லையா? பலன் என்று எழுதினால் இந்தியா கூடுதலாகச் செலவு தரவேண்டும். நேபாளத்தால் பயன்படுத்த முடியாத தண்ணீர் தானாக ஓடி வருவதுதானே, அதற்கு எதற்குக் காசு என்பது இந்தியப் பக்கத்து வாதம். திட்ட அறிக்கை ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தார்கள். இந்த ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது.

வாசுதேவநல்லூர் விவசாயி:

அண்ணாச்சி சொல்வது சரி. எங்களுக்குச் செண்பகவல்லி அணை இருக்கிறதே. கேரளக் காட்டுக்குள் ஒரு சின்னத் தடுப்பணை, உடைந்தது 1960களில். இன்றைக்கும் உடைந்தபடியே கிடக்கிறது. ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலம் சேர்ந்து ஒரு சுவரைப் பூசமுடியவில்லை. இவர்கள் 311 மீட்டருக்குக் கட்டுவார்களாம்!

பாளை டீச்சர்:

எல்லாரும் மெகாவாட், ஆயக்கட்டு என்று பேசுகிறீர்கள். தம்பியின் அண்ணன் சொன்ன கடைத்தெருவைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தியப் பக்கம் மட்டும் 134 கிராமங்கள் பாதிக்கப்படும் என்று கணக்கு. 2017 ஆகஸ்டில் சம்பாவத், பித்தோராகர், அல்மோடாவில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வைத்தார்கள். மலைப்பாதை சரிந்து அடைபடுகிற மழைக்காலத்தில் வைத்தால் ஊர்க்காரன் எப்படி வருவான் என்று அப்போதே சத்தம் எழுந்தது. அதே மாநிலத்தில் டெஹ்ரி அணைக்காகப் பழைய டெஹ்ரி நகரமே 2005இல் மூழ்கியது. அதன் உயரம் 260 மீட்டர்தான். இது அதையும் தாண்டும். நிலநடுக்கம் வருகிற இமயமலை வேறு.

ஆத்தங்கரைப் பையன்:

நன்றி அண்ணாச்சி, நன்றி டீச்சர். ஒரு சந்தேகம். நேபாளம் ஏன் இவ்வளவு பிடிவாதம்? சின்ன நாடு, கரண்டு வித்தால் காசுதானே?

பவர்ஹவுஸ் அண்ணாச்சி:

டீச்சர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான கேள்வி.

நேபாளத்துக்குச் சூடுபட்ட அனுபவம் உண்டு தம்பி. அதே ஆற்றில் தனக்பூர் தடுப்பணையை இந்தியா தன் மண்ணில்தான் கட்டியது. ஆனால் அதன் கரையை மேட்டு நிலத்தோடு சேர்க்க நேபாளத்தின் 2.9 ஹெக்டேர் தேவைப்பட்டது. அந்தத் துண்டு நிலத்துக்காக 1991இல் ஆரம்பித்த சண்டை நீதிமன்றம் வரை போனது. அதை ஆற்றுவதற்காகத்தான் 1996 பிப்ரவரியில் நரசிம்ம ராவும் நேபாளப் பிரதமர் தேவுபாவும் மகாகாளி ஒப்பந்தமே போட்டார்கள். காட்மாண்டு நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு ஏற்றது, ஆனால் நிபந்தனைகளைச் சேர்த்து. இந்த விவகாரமும் சேர்ந்து 1998இல் அங்கே ஒரு பெரிய கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. அதைப் பார்த்த எந்த மந்திரி இப்போது துணிந்து பேனாவை எடுப்பார்?

இன்னொன்று, தேக்கி விடுகிற தண்ணீருக்கு நேபாளம் சும்மா காசு கேட்கவில்லை. அமெரிக்காவும் கனடாவும் 1961இல் கொலம்பியா ஆற்றுக்கு ஒப்பந்தம் போட்டபோது, மேலே கனடா தண்ணீரைத் தேக்கியதால் கீழே அமெரிக்க நிலையங்களில் கூடிய மின்சாரத்தில் பாதியைக் கனடாவுக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். வெள்ளத்தைத் தடுத்ததற்குத் தனியாகப் பணமும் கொடுத்தார்கள். மேலே தேக்குகிறவனுக்குக் கூலி உண்டு என்று அங்கே ஒத்துக்கொண்டார்களே, இங்கே ஏன் இல்லை என்பதுதான் நேபாளத்தின் வழக்கு. எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. நாட்டுப்பற்றோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கரண்டு விற்பதும் மாறிவிட்டது. 2024 ஜனவரியில், பத்து வருடத்தில் 10,000 மெகாவாட் வரை நேபாளத்திடம் வாங்குவதாக இந்தியா ஒப்பந்தம் போட்டது. அந்த வருடமே நம் லைன் வழியாக வங்கதேசத்துக்கும் 40 மெகாவாட் விற்க ஆரம்பித்தார்கள். வேறு ஆறுகளில் சின்ன நிலையங்கள் கட்டியே விற்க வழியிருக்கும்போது பஞ்சேஸ்வருக்கு அவசரப்பட மாட்டார்கள்.

2014இல் பஞ்சேஸ்வர் மேம்பாட்டு ஆணையம் அமைத்தார்கள், கூட்டமும் நடக்கிறது. கூட்டம் நடந்தது என்ற செய்தியைப் பார்க்காதீர்கள். லோயர் சாரதா கணக்கு முடிந்தது என்று ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால் உங்க அண்ணனுக்குச் சொல்லுங்கள், அந்தக் கடைத்தெருவில் யாரும் புதிதாக மாடி எடுக்கவேண்டாம்.