மக்காசாரில் மூன்று அம்மாக்கள்: பழங்குடிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

மழைத்தவளை:
ஆஸ்திரேலியாவின் வடக்கே, ஆர்னம் லேண்டில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் யோல்ஙு பழங்குடியினர். போன ஆண்டு எட்டுப் பிள்ளைகளையும் இரண்டு பாட்டிமாரையும் ஒன்பது நாள் இந்தோனேசியாவின் மக்காசார் நகருக்குக் கூட்டிப் போனோம். இந்த ஆண்டும் போவதா வேண்டாமா என்று பள்ளியில் இழுபறி. போக வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
வேண்டாம் அக்கா. ஆர்னம் லேண்ட் இருக்கும் இதே வட பிரதேசத்தில் பள்ளி நிர்வாகத்தில் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் பிள்ளை வந்தாலே பெரிய விஷயம் என்கிற ஊர்கள் அவை. ஆசிரியர்கள் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். அந்தக் காசில் உள்ளூர் உதவி ஆசிரியர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். எட்டுப் பேர் விமானம் ஏறுவார்கள், மிச்சப் பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது ஆண்டறிக்கையின் அட்டைப்படம்.

ஊர்சுற்றி:
எனக்கு ஒரு சந்தேகம். வெளிநாடு என்றால் லண்டன், பாரிஸ் என்பார்கள். மக்காசார் எதற்கு?

மழைத்தவளை:
இதைக் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன்.

வெள்ளைக்காரர்கள் அந்தக் கரையில் குடியேறுவதற்கு முன்பே மக்காசார்க்காரர்கள் பருவக்காற்றைப் பிடித்து ஆண்டுதோறும் அங்கே வந்துபோனார்கள். வந்தது கடல் அட்டைக்கு. அதைப் பிடித்து, அவித்து, புகையில் உலர்த்தி, சீனச் சந்தைக்கு அனுப்பினார்கள். யோல்ஙு மக்களும் அந்தப் படகுகளில் ஏறி மக்காசார் வரை போய் வந்திருக்கிறார்கள். 1906இல், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட தெற்கு ஆஸ்திரேலிய அரசு, இனி உரிமம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. 1907இல் கடைசிப் படகும் திரும்பிப் போனது. ஆனால் சொற்கள் திரும்பிப் போகவில்லை. யோல்ஙு மொழிகளில் காசுக்கு ருபியா. வெள்ளைக்காரருக்கு பலாண்டா, அதாவது நாம் ஒல்லாந்தர் என்கிறோமே, அதே ஆள்தான். கரையோரத்தில் வரிசையாகப் புளியமரம் நின்றால் அங்கே பழைய மக்காசார் முகாம் இருந்தது என்று அர்த்தம். அவர்கள் கொண்டுவந்த புளியின் கொட்டையில் முளைத்தவை.

மக்காசாரின் பாவோதெரே துறைமுகத்தில் எங்கள் பையன் ஒருவன் சின்ன ஓடம் ஒன்றைக் காட்டி "லிபலிபா" என்றான். படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "லெப்பா லெப்பா" என்று திருத்தினார். பையன் பாய்மரத்துக் கொடியைக் காட்டி "பந்திரா" என்றான். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களை இருவருமாக விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். ஆங்கில வகுப்பில் இந்தப் பையனின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க எனக்கு ஒரு பருவம் பிடித்தது.

ஊர்சுற்றி:
புளி நம்ம ஊர்ச் சரக்கு என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மழைத்தவளை:
அது ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். பெருமையை அங்கே அனுப்பிவிடுங்கள்.

நிலாமுற்றம்:
கதை நன்றாக இருக்கிறது. என் தயக்கம் வேறு. நான் குடும்ப நலத் துறையில் இருக்கிறேன். அரசாங்க வண்டி வந்து பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து ஏற்றிக்கொண்டு போன காலத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். திருடப்பட்ட தலைமுறையினர் என்று அந்தப் பிள்ளைகளைச் சொல்கிறோம். நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008இல்தான். 'உங்கள் பிள்ளைக்கு உலகத்தைக் காட்டுகிறோம், கையெழுத்துப் போடுங்கள்' என்று பள்ளிக்காரர் வந்து நின்றால் அந்தக் குடும்பம் எப்படி வேண்டாம் என்று சொல்லும்? அப்புறம், போன இடத்தில் மேளம் கொடுத்து ஆடச் சொல்வார்கள். பிள்ளைகள் பார்க்கப் போகிறார்களா, பார்க்கப்படப் போகிறார்களா?

மழைத்தவளை:
ஆடச் சொன்னார்கள், ஒளிக்கவில்லை. நாங்கள் போன பள்ளி ஒன்றில் முன்னறிவிப்பே இல்லாமல் மேடை போட்டிருந்தார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பெரிய பாட்டி எழுந்து, "நீங்கள் முதலில் ஆடுங்கள், நாங்கள் விருந்தாளிகள்" என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் அன்றைக்கு ஆடவே இல்லை. பாட்டிமார் வராமல் பயணம் இல்லை என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். சிறுவர் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் பொறுப்பில் உள்ளவர்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஒரு பையனிடம் படிவத்தைக் கொடுத்தேன். 'அம்மா' என்ற கட்டத்தில் மூன்று பெயர் எழுதிக்கொண்டு வந்தான். யோல்ஙு வழக்கில் அம்மாவும் அம்மாவின் அக்கா தங்கைகளும் ஒரே சொல்தான், ஙாண்டி. (நாம் குழந்தையாக 'ஙப்போல் வளை' என்று படித்ததோடு விட்டுவிட்ட எழுத்து, அங்கே சொல்லின் முதலில் வந்து நிற்கிறது.) தாய்மாமனுக்கு மட்டும் தனிச் சொல். பெரியம்மா, சின்னம்மா, மாமா என்று வளர்ந்த நமக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும். படிவத்துக்குப் புரியவில்லை. மூன்று அம்மாக்களிடமும் உட்கார்ந்து பேசினேன். ஒருவர் கடைசிவரை வேண்டாம் என்றார். பெற்ற அம்மா சரி என்றும் அவனை விட்டுவிட்டுத்தான் போனோம். ஆகவே வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள்தான் அவர்கள்.

நிலாமுற்றம்:
அப்படிச் செய்திருந்தால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மீதிப் பாதி, நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு வருபவரைப் பற்றியது.

கணக்குப்பிள்ளை:
அந்த எட்டுப் பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மழைத்தவளை:
வருகைப் பதிவை வைத்து. நூற்றுக்கு எண்பது நாள் வந்தவர்கள்.

கணக்குப்பிள்ளை:
அது சரியான விதி. பயணம் நடந்தே தீரும் என்றால் வந்த பிள்ளைக்குத்தான் இடம்.

மழைத்தவளை:
நானும் அப்படித்தான் நினைத்தேன். வகுப்பிலேயே அதிகம் மக்காசார்ச் சொற்கள் தெரிந்தவள் ஒரு பெண். தாத்தாவிடம் கற்றது. அந்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். அங்கே இறப்புச் சடங்கு ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. வாரக்கணக்கில் போகும், உறவு முறைப்படி அவள் கூடவே இருந்தாக வேண்டும். பதிவேட்டில் அத்தனையும் 'வரவில்லை'. பெயரை அடித்தது நான்தான். துறைமுகத்தில் அந்தப் பையனும் பெரியவரும் எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு அவள் நினைப்புதான். இந்த முறை அந்த விதியை எடுக்கச் சொல்லிச் சண்டை போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
விதியை எடுத்தால், தினமும் வந்த பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்? சடங்கு நாள்களைக் கழித்துவிட்டு எண்பது பாருங்கள். அதற்குப் பதிவேட்டில் தனிக் குறியீடு போட்டால் போதும், விதியைத் தூக்க வேண்டியதில்லை. காசு வீண் என்பதில் நான் மாறவில்லை, அது வேறு.

மழைத்தவளை:
குறியீடு நல்ல யோசனை. நாளைக்கே கேட்கிறேன்.

நிலாமுற்றம்:
அந்தப் பெண் இந்த முறை வருகிறாளா?

மழைத்தவளை:
கேட்டேன். தனக்கு வேண்டாமாம். தன் இடத்தில் பாட்டியை அனுப்பச் சொல்கிறாள்.