கயாக்கில் உட்கார்ந்து மீன் பிடிக்க எந்தத் தூண்டில் ராடு? ஒடித்தவன் கேட்கிறேன், அனுபவம் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

போன மாசி மாதம் என் ஒன்பது அடி ராடு ஒடிந்தது. பெரிய கெண்டை ஒடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒடித்தது நான்.

மாமாவின் டீ எஸ்டேட்டுக்குள் ஒரு குளம் இருக்கிறது, ஒன்றரை ஏக்கர் இருக்கும். சுற்றிலும் கோரை மண்டிக் கிடப்பதால் கரையிலிருந்து வீசினால் பாதி நேரம் கோரையோடுதான் மல்லுக்கட்டு. அதனால் காற்றடைக்கிற கயாக் ஒன்று வாங்கினேன், உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்ன ஓடம், பத்தடி நீளம். ராடு மட்டும் புதிதாக வாங்கவில்லை. கரையில் வருஷக்கணக்காகப் பழகிய ஒன்பது அடி ராடு கைவசம் இருந்தது. நீளமான ராடு தூரமாக வீசும், தூரமாக வீசினால் நல்லது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ராடு சாஸ்திரம் அவ்வளவுதான்.

காலை பத்தரை மணிக்கு இறங்கினேன். இங்கே வெயில் கொஞ்சம் ஏறிய பிறகுதான் கெண்டைக்குப் பசியே எடுக்கும். ராகி மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை. அரை மணி நேரத்தில் ஒரு கண்ணாடிக் கெண்டை மாட்டியது. கயாக்கையே அது கொஞ்ச தூரம் இழுத்துப்போனது. அதுவரை சுகம். அப்புறம் மீனை வலையில் எடுக்கப் பார்த்தால் எட்டவில்லை. ராடு ஒன்பது அடி என்றால் தூண்டில் நரம்பை எவ்வளவு சுற்றினாலும் மீன் அந்தத் தூரத்தில்தான் நிற்கிறது. கிட்டே வரட்டும் என்று ராடைத் தலைக்குப் பின்னால் சாய்த்தேன். நுனி குடைப்பிடி மாதிரி வளைந்தது. காய்ந்த சில்வர் ஓக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. உடைந்த கார்பன் விளிம்பு பட்டு நரம்பும் அறுந்தது. மீன் வாலால் ஒரு அடி அடித்துவிட்டுப் போனது, சட்டையெல்லாம் தண்ணீர்.

இழுக்கிற பாரத்தை ராடின் அடிப்பாகம் வாங்க வேண்டும். இப்படிச் செங்குத்தைத் தாண்டிச் சாய்த்தால் மொத்தமும் நுனியில் ஒரு சாண் இடத்தில் போய் விழுகிறது. கரையென்றால் நாலடி பின்னால் போய் மீனை இழுத்துக்கொள்ளலாம். கயாக்கில் உட்கார்ந்த இடத்திலிருந்து எங்கே போவது?

இன்னொரு தொல்லையும் இருந்தது. ராடின் அடிப்பிடி நீளம். மீன் வாயில் தூண்டில் முள் குத்தச் சுண்டும்போதெல்லாம் லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளில் போய் மாட்டிக்கொண்டது. அதற்காக ஜாக்கெட்டைக் கழற்றி வைக்கிற ஆள் நானில்லை. இந்தத் தண்ணீரில் விழுந்தால் முதல் அரை நிமிஷம் மூச்சே சரியாக வராது, நீச்சல் தெரிந்தவனுக்கும் அதே கதிதான்.

புதிதாக ஒன்று வாங்க வேண்டும். கயாக்கில் உட்கார்ந்து பிடிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

தாண்டிக்குடியிலிருந்து:

நீங்கள் நீளத்தில் மாட்டினீர்கள், நான் குட்டையில் மாட்டினேன். காபித் தோட்டத்துக் குளம், அதில் கட்லாவும் புல்கெண்டையும் விட்டு வளர்க்கிறோம். சின்ன ஓடத்துக்குச் சின்ன ராடு என்று நானே முடிவு செய்து ஐந்தரை அடி வாங்கினேன். தூக்க, வைக்க, வலையில் எடுக்க எல்லாம் அருமை. ஒரு நாள் நாலு கிலோ தேறுகிற புல்கெண்டை மாட்டியது. வலப்பக்கம் ஓடியது நேராகக் கயாக்குக்கு அடியில் புகுந்து இடப்பக்கம் போய்விட்டது.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். ராடின் நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, கயாக்கின் மூக்கைச் சுற்றி நரம்பை மீன் போன பக்கம் கொண்டுவர வேண்டும். என்னுடையதும் பத்தடிக் கயாக். நடுவில் உட்கார்ந்தால் மூக்கு ஐந்தடி முன்னால் இருக்கிறது. ஐந்தரை அடி ராடில் பிடிக்கு ஓரடி போனால் மிச்சம் நாலரை. மீன் இழுக்கும்போது வளைவில் அதுவும் குறையும். கையை நீட்டி, உடம்பையும் சாய்த்துப் பார்த்தேன், கயாக் கவிழப் போனதுதான் மிச்சம். மூக்குக்கு ஒரு சாண் இருக்கும்போது நரம்பு அடியில் தேய்ந்து அறுந்தது.

இப்போது வைத்திருப்பது ஏழடி. மூக்கையும் சுற்றி வருகிறது, மீனும் கைக்கெட்டுகிறது. பன்னிரண்டு அடிக் கயாக் வைத்திருப்பவர்கள் இன்னும் அரையடி கூட்டிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் போனால் உங்கள் கதைதான்.

அடிப்பிடிக்கு ஒரு அளவு வைத்திருக்கிறேன். கடையில் ரீல் மாட்டுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு, பிடியை முன்கையோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். அடி நுனி முழங்கையைத் தாண்டி ரெண்டு விரலுக்கு மேல் நீளக்கூடாது. ரொம்பக் குட்டையும் வேண்டாம், ராடு செருகும் குழாயில் நிற்காமல் ஆடும். நின்று பார்த்து வாங்காதீர்கள், ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து பாருங்கள். நான் உட்கார்ந்தபோது கடைக்காரர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

ஊட்டியிலிருந்து:

தம்பிகளா, நீளம் சரி. எந்த மீனுக்கு என்று யாருமே பேசவில்லையே. நம் மலையில் தூண்டில் என்றாலே ஒரு காலத்தில் டிரௌட் என்கிற குளிர்நீர் மீன்தான். 1860களில் மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே அதை இங்கே கொண்டுவர முயற்சி செய்து பார்த்தார், நிலைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் காலத்தில்தான் வானவில் டிரௌட் ஊன்றியது, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது. நீங்கள் பிடிப்பதெல்லாம் அதன் வாரிசாக இருக்கும்.

டிரௌட் ராடு என்பது நாலைந்து கிராம் ஸ்பூனை, அதாவது தகட்டில் செய்த போலி இரையை, வீசத் தெரிந்த மெல்லிய ராடு. அதை வைத்துக்கொண்டு கெண்டைக்குப் போனால் மீன் உங்களைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். முள் ஏறவும் ஏறாது. கெண்டைக்கு நடுத்தர வலு, மீடியம் என்று எழுதியிருக்கும். ஆனால் நுனி மட்டும் வளைகிற விறைப்பான ராடு வேண்டாம், பாதி வரை வளைவது வேண்டும். கெண்டையின் வாய்ச்சதை மெதுவானது, வெடுக்கென்று இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பிரெய்டு, அதாவது பல இழை பின்னிய நரம்பு, போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த நரம்பு ரப்பர் மாதிரி இழுபடாது. சாதாத் தங்கூசி நரம்பு கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், அந்த வேலையைப் பிரெய்டில் ராடுதான் செய்ய வேண்டும்.

பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் நரம்பின் வலுவும் வீசக்கூடிய கிராமும் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். விலைச்சீட்டை மட்டும் படித்து வாங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அனுமதி விஷயமும் உண்டு. சொந்தக் குளத்தில் என்னவோ செய்யுங்கள். அணைத் தண்ணீரிலோ காட்டுக்குள் இருக்கும் ஏரியிலோ கேட்காமல் கயாக்கை இறக்காதீர்கள். முக்குருத்தி தேசியப் பூங்காவில் தூண்டிலோடு நிற்பதே குற்றம்.

மஞ்சூரிலிருந்து:

ஐயா சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. குந்தா பக்கம் மின்கம்பி இல்லாத பள்ளத்தாக்கைத் தேட வேண்டும். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். ஈர நரம்போடு ஏழடிக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறக்காதீர்கள். சித்திரை, வைகாசி மதியங்களில் இடி உருளும் சத்தம் கேட்டதும் நான் ராடைப் படுக்க வைத்துவிட்டுக் கரைக்குத் துடுப்புப் போட்டுவிடுவேன். கண்ணாடியிழை ராடு கனம்தான், ஆனால் கயாக்கின் ஓரத்தில் நூறு தடவை இடித்தாலும் தாங்கும். கார்பனில் ஒரு கீறல் விழுந்தால் பெரிய மீன் வரும் நாளில்தான் அது தெரியும். ரெண்டும் கலந்து செய்ததை நான் வைத்திருக்கிறேன்.

அப்புறம், ராடைக் கயிறு போட்டுக் கட்டுங்கள் அண்ணா. ராடு மிதக்காது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மறுபடியும் கோத்தகிரி:

எல்லாருக்கும் நன்றி. கோயம்புத்தூர் போய் வாங்கி வந்துவிட்டேன். ஏழடி, மீடியம், பாதி வரை வளைவது, கார்பனும் கண்ணாடியிழையும் கலந்தது. ரெண்டு துண்டாகக் கழற்றலாம். ஒரே துண்டாக வாங்கினால் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை. கடையில் ஸ்டூல் கேட்டேன், சிரித்தார்கள், கொடுத்தார்கள். முதலில் காட்டிய ராடின் பிடி முழங்கையைத் தாண்டி ஒரு சாண் நீண்டது. மூன்றாவதுதான் சரியாக உட்கார்ந்தது. கயிறுக்கு, பழைய டெலிபோன் ரிசீவரின் சுருள் ஒயரையே கட்டிவிட்டேன். மஞ்சூர்த் தம்பி சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதே குளம். ஒன்றே முக்கால் கிலோ கெண்டை, பெரிதில்லை. ஆனால் அதுவும் சொல்லிவைத்த மாதிரி அடியில் புகுந்தது. நுனியைத் தண்ணீரில் விட்டு மூக்கைச் சுற்றிக் கொண்டுவந்தேன், உரசாமல் வந்தது. வலை போடும்போது ராடு தோளுக்குப் பக்கத்தில் நின்றது, தலைக்குப் பின்னால் போகவே தேவைப்படவில்லை.

ஒடிந்த ராடின் அடிப்பாகத்தை அம்மா தோட்டத்துக்கு எடுத்துப்போய்விட்டார். பீன்ஸ் கொடி அதில் மூன்றாவது வளையம் வரை ஏறிவிட்டது.