வாடை கொண்டுவந்த புகையா, நாம் மூட்டிய புகையா?

குளக்கட்டு:
அறுவடைக்குப் பின் வைக்கோல் கொளுத்துவதைத் தடைசெய்ய வேண்டும் என்று எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். வன்னியின் காற்றைக் கெடுப்பவர்கள் நாங்கள்தானாம். நான் மறுக்கிறேன். 2022 டிசெம்பர் 8ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்றபோது யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மறுநாள் பாடசாலைகளை மூடினார்கள். இந்தியப் பக்கமிருந்து வந்த மாசு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே சொன்னது. அன்று எங்கள் காலபோகப் பயிர் பச்சையாக நின்றது. கொளுத்த ஒரு கட்டு வைக்கோல்கூட இல்லை. பழியைப் பரந்தன் விவசாயி ஏன் சுமக்க வேண்டும்?

வடிதாள்:
அண்ணா, டிசெம்பரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1999இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு நடந்த இந்தோயெக்ஸ் ஆய்வு, இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் உயரம் வரை பழுப்புப் படலம் பரவியிருந்ததைக் காட்டியது. சென்னையில் பிறந்த இராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. அதுவும் வாடைக் காலம்தான்.

ஆனால் டிசெம்பரில் நடந்ததை வைத்து, வைக்கோல் கொளுத்தும் மாசி மாதத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. தொலைவிலிருந்து வரும் புகை யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்று எங்கும் ஏறி, இரவு பகல் பாராமல் நிற்கும். உள்ளூர்ப் புகையின் குணம் வேறு. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்கிறது; அதற்கு மேலுள்ள காற்று சூடாகவே இருக்கிறது. புகை ஏற வழியில்லாமல் வரம்போடு படுத்துவிடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தட்டு. பத்து மணிக்கு அது இருக்காது. அந்தப் புகைக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை, அண்ணா. அது நம்முடையது. காற்றை இழுத்துத் துகளை வடிதாளில் பிடித்து ஆய்வுகூடத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாலைமரத்தடி:
இதற்கு ஏன் இவ்வளவு வாதம்? எங்கள் சனசமூக நிலையத்தில் காற்று மாசை அளக்கும் சிறிய உணரி ஒன்றை மாட்டியிருக்கிறோம். காலையில் சிவப்பு நிறம் காட்டுகிறது. நுண்துகள் (PM2.5) 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீற்றரில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு நியமம் 50. கைபேசியில் பார்த்தாலே போதும், ஆய்வுகூடத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

வடிதாள்:
உணரி வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. துகளின் மீது பட்டுச் சிதறும் ஒளியைத்தான் அது அளக்கிறது. குளத்தங்கரையில் பனி இறங்கும் நேரத்தில் உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகும். உணரி அதையும் மாசு என்று எண்ணிவிடும்.

வடிதாளில் பிடித்து நிறுப்பது மெதுவான வேலை. நிமிடத்துக்கு 16.7 லீற்றர் வீதம் ஒரு நாள் முழுவதும் இழுத்தால் 24 கன மீற்றர் காற்று. நம் நியமமான 50 அளவில் காற்று இருந்தால் தாளில் சேர்வது 1.2 மில்லிகிராம். கையுறை இல்லாமல் தொட்டாலே கணக்குப் பிழைக்கும். நிறுப்பதற்கு முன் ஈரப்பதன் மாறாத அறையில் ஒரு நாள் வைக்க வேண்டும். இத்தனை பாடும் எதற்கென்றால், எவ்வளவு என்பதை உணரி ஓரளவு சொல்லும், எதிலிருந்து என்பதை அது சொல்லாது.

அடுப்படி:
வயலைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓலைக் கொட்டிலுக்குள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த அம்மாவின் மூச்சை யார் அளந்தீர்கள்? வடிதாளை முதலில் அங்கே வையுங்கள், தம்பி.

குளக்கட்டு:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் வடிதாளிடம் ஒன்று கேட்கிறேன். பஞ்சாப் வைக்கோலும் வைக்கோல்தான், பரந்தன் வைக்கோலும் வைக்கோல்தான். இரண்டின் புகையையும் தாள் எப்படிப் பிரிக்கும்? இன்னொன்று: நாங்கள் விரும்பிக் கொளுத்துவதில்லை. முன்பு சூடடித்த களத்தில் வைக்கோல் போராக நின்றது, மாடு தின்றது. இன்று வெட்டு இயந்திரம் வயல் முழுவதும் சிதறிவிட்டுப் போகிறது. சுருட்டிக் கட்டும் இயந்திரம் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் திறந்தால் உழ வேண்டும். மட்க நாள் எங்கே?

வடிதாள்:
நல்ல கேள்வி. செலுலோசு எரிந்தால் லெவோகுளுகோசன் என்ற வெல்லப்பொருள் வரும். அது எந்த வைக்கோலிலும் வரும், அக்காவின் விறகிலும் வரும். ஆனால் நாட்கணக்கில் காற்றில் பயணம் செய்தால் காற்றிலேயே உள்ள, எளிதில் வினைபுரியும் ஐதரொட்சில் மூலிகங்கள் அதைத் தின்றுவிடும். அதே பயணத்தில் நிலக்கரிப் புகையின் கந்தகவீரொட்சைட்டு சல்பேற்றாக மாறிக்கொண்டே வரும். சல்பேற்று மிகுந்து லெவோகுளுகோசன் குறைந்திருந்தால் வயதான புகை. மறுதலையாக இருந்தால் பக்கத்தில் மூட்டியது. நுரைச்சோலையை யாராவது நினைக்கலாம். 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம்தான், ஆனால் நமக்குத் தென்மேற்கில் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று வீசும் சோளகத்தில்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

குளக்கட்டு:
அப்படியானால் என் வயலில் வையுங்கள். மின்சாரம் மோட்டார் கொட்டிலில் இருக்கிறது. ஆனால் முடிவை முதலில் எங்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டும். தடை கேட்பவர்கள் கையில் அது முதலில் போகக் கூடாது.

வடிதாள்:
சம்மதம். கொட்டிலுக்குள் வேண்டாம் அண்ணா, மண்ணெண்ணெய்ப் பம்பியின் புகை தாளில் ஏறிவிடும். காற்று வரும் பக்கமாக, தள்ளி, ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டால் போதும். இரண்டாவது கருவியை அக்காவின் ஊரில் ஒரு அடுப்படியில் வைக்கிறேன். அறுவடைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும்; கொளுத்தாத நாட்களின் காற்றும் வேண்டும்.